ஈயம் படிந்த மண்ணில் வேர்ப்பூஞ்சை: அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

வணக்கம். பழைய பேட்டரிகளை உடைத்ததால் ஈயம் படிந்த நிலத்தில் நான் நட்ட பைன் கன்றுகள் மூன்றாம் ஆண்டிலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாததால், ஒன்றைத் தோண்டியெடுத்துப் பார்த்தேன்; வேர்முனைகளைக் கையுறைபோல் மூடியிருக்க வேண்டிய பூஞ்சை உறை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தென்பட்டது.

1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்ட, வேருக்கும் பூஞ்சைக்கும் இடையிலான இந்த உறவில், பூஞ்சை இழைகள் நீரையும் பாஸ்பரசையும் தந்து மரத்திடம் சர்க்கரை பெறுவதோடு, தம் செல்சுவரில் உலோகங்களைப் பிடித்துவைத்து வேரையும் காக்கின்றன. உலோகம் மிகும்போது அந்தக் காவலே முதலில் சாய்கிறதோ என ஐயுறுகிறேன் (பாஸ்பேட் உரத்தை நானே அள்ளிப் போட்டதால், பாஸ்பரசுக்காக மரம் பூஞ்சையை நாடாமல் போனதும் காரணமாகலாம்).

துத்தநாகத்தைத் தாங்கும் சுய்லஸ் லூட்டியஸ் காளான் போல, ஈயத்துக்குப் பழகிய பூஞ்சையை நாற்றங்காலிலேயே சேர்த்து நட்டவர்கள் இருந்தால், முதலில் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்தீர்களா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.