‘பரதேசி’ பாலாவின் ஆகச் சிறந்த படமா, இல்லையா?

சுருள்படம்:
‘பரதேசி’யை மறுபடியும் பார்த்தேன். 2013 மார்ச்சில் வந்தபோது தியேட்டரில் பாதிப் பேர் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். நான் அப்போதும் திட்டவில்லை, இப்போதும் திட்டப்போவதில்லை. ‘சேது’, ‘பிதாமகன்’, தேசிய விருது வாங்கிக் கொடுத்த ‘நான் கடவுள்’ எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தாலும் என் கணக்கில் இதுதான் பாலாவின் உச்சம்.

முக்கியக் காரணம் இடைவேளைக் காட்சி. கூலிக்கு ஆள் பிடிக்கும் கங்காணி பின்னால் சாலூர் கிராமத்து ஜனம் தேயிலைத் தோட்டத்துக்கு நடக்கிறது. வழியில் ஒருவன் சுருண்டு விழுகிறான். உயிர் இன்னும் போகவில்லை. அவனை அங்கேயே போட்டுவிட்டு, கதறும் மனைவியை இழுத்துக்கொண்டு கூட்டம் நகர்கிறது. கேமரா மட்டும் அவனோடு நின்றுவிடுகிறது. ஒரு கை மெல்ல மேலே எழும்புகிறது. தோட்டத்தில் கால் வைப்பதற்கு முன்பே இந்த மனிதர்களுக்கு என்ன விலை என்று தெரிந்துவிடுகிறது. வசனம் கிடையாது, விளக்கம் கிடையாது.

மறுப்பவர்கள் வரலாம்.

மூன்றாம்மணி:
மறுக்க வந்துவிட்டேன். அந்தக் கை எழும்பும் ஷாட் பிரமாதம், சந்தேகமே இல்லை. ஆனால் பாலா அந்த ஒரு ஷாட்டோடு நிறுத்துகிற ஆளா? இரண்டாம் பாதி முழுக்க அதையேதான் வேறு வேறு விதமாகச் செய்கிறார். அடி, அட்டைக்கடி, துரை பெண்களைச் சீரழிப்பது, தப்பி ஓடியவனின் குதிகால் நரம்பை அறுப்பது, கொள்ளைநோய். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு மரத்துப்போனது. மரத்துப்போன பார்வையாளன் அழமாட்டான், எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பான்.

வதையைக் காட்டுவது வேறு, அது எப்படி நடந்தது என்று காட்டுவது வேறு. தோட்டத்தில் ஜனங்களைப் பிடித்து வைத்திருந்தது சாட்டை மட்டுமா? கணக்கு நோட்டு. முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்து, கடை பாக்கி, வைத்தியம் என்று கழித்துக்கொண்டே போய், வருஷக் கடைசியில் இன்னும் நீதான் பாக்கி என்று சொல்லும் அந்தக் கணக்கு. படத்தில் அது வருகிறது, ஆனால் வந்த வேகத்தில் போய்விடுகிறது. நரம்பை அறுப்பதற்குக் கொடுத்த கவனத்தில் பாதியை அந்த நோட்டுக்குக் கொடுத்திருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

சுருள்படம்:
கணக்குக் காட்சி போய்விட்டதா? எனக்குப் படத்திலேயே அதிகம் வலித்தது அதுதான். ஒப்பந்தம் முடிந்தது, ஊருக்குப் போகலாம், அங்கே விட்டுவந்த காதலி அங்கம்மாவைப் பார்க்கலாம் என்று நாயகன் ராசா வரிசையில் நிற்கிறான். கழித்துக் கழித்து இன்னும் இருக்கவேண்டும் என்கிறார்கள். அதற்குப் பிறகுதானே அவன் ஓடுகிறான், அதற்குப் பிறகுதானே நரம்பு அறுபடுகிறது? நோட்டு பிடிக்க முடியாமல் போகும்போதுதான் கத்தி வருகிறது. நீங்கள் கேட்கும் வரிசை படத்திலேயே இருக்கிறது அண்ணே.

முதல் பாதியையும் மறந்துவிடாதீர்கள். ராசா தண்டோரா போட்டுப் பிழைப்பவன். ஊர்க் கல்யாணத்துக்கே தண்டோரா போடுகிறான், அதே கல்யாணப் பந்தியில் அவன் இலையில் மட்டும் சோறு விழாது. தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். வெளியூரில் விறகு பிளந்து கூலி கேட்கும்போது கிடைப்பது என்ன? அப்படிப்பட்டவனிடம் வேலை, சோறு, கூலி என்று ஒருவன் வந்து சொன்னால் எப்படி நம்பாமல் இருப்பான்? கங்காணி வருவதற்கு முன்பே பசி பாதி வேலையை முடித்துவிட்டது. அதைத்தான் சிரிப்புக் காட்சிகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்.

கோப்பிக்கண்டி:
என் முன்னோர் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்கள், அதனால் ஒரு வார்த்தை. அந்த நடைப்பயணம் மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். மிகையே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்த காப்பித் தோட்டக் கூலிகள் வழியெல்லாம் செத்து விழுந்தார்கள். காலரா, அம்மை, பசி. விழுந்தவர்களை விட்டுவிட்டுப் போனது சரித்திரத்தில் பதிவான விஷயம். மலையகத்து நாட்டார் பாடல்களில் அண்ணனைப் பறிகொடுத்த மலையைக் காட்டி ஒரு தங்கை அழுவாள். சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்த இடைவேளை ஷாட் புதிதாக இருக்காது.

கடன் விஷயத்தில் மூன்றாம்மணி பக்கம்தான் நான். இலங்கையில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். அதை அடைத்து மீட்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கங்காணிகள் அந்தக் காகிதத்தை வைத்து ஆட்களையே கைமாற்றினார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நாடு வேறுதான், ஆனால் தமிழ்நாட்டுப் பக்கமும் முன்பணமும் கங்காணியும்தான் கயிறு. ஒரு கங்காணி எப்படி உருவாகிறான், அவனுக்குத் தலைக்கு எவ்வளவு, அவனே முன்னால் கூலியாக இருந்தவனா என்று படம் யோசிக்கவே இல்லை. வெறும் வில்லனாக நிறுத்திவிட்டது.

பழையசட்டம்:
கதை 1939இல் நடக்கிறது என்று படமே சொல்கிறது. சரி. ஓடிப்போன கூலியைப் பிடித்து வந்து தண்டிக்க முதலாளிகள் நம்பியிருந்த 1859ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டம் 1925இலேயே ரத்து செய்யப்பட்டுவிட்டது. படத்துக்கு மூலமான நாவல் நடப்பது 1920களில், அங்கே எல்லாம் பொருந்துகிறது. படம் ஏன் காலத்தைத் தள்ளியது? இதனால் படம் கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. சரித்திரப் படம் என்று தலையில் தூக்கி வைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

சுருள்படம்:
சட்டம் ரத்தானால் அடியாள் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவானா? மலை மேல் நடப்பதைக் கேட்க 1939இல் யார் இருந்தார்கள்? தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951இல். குடியிருப்பு, மருத்துவம், குடிதண்ணீர் இதெல்லாம் முதலாளியின் கடமை என்று எழுதவே சுதந்திரம் கிடைத்து நாலு வருஷம் ஆனது.

பழையசட்டம்:
அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி அப்படியே நிற்கிறது: ஏன் 1939?

எரியாதகாடு:
நாவல் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். படத்துக்கு மூலம் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கொண்டுவந்தார். டேனியல் ஆனைமலைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். தன் கண்ணால் பார்த்ததையும் பழைய ஆட்களிடம் கேட்டதையும் வைத்து எழுதிய நாவல் அது. அதில் தொழிலாளர்களுக்காக நிற்கும் ஒரு டாக்டர் வருவார், ஆபிரகாம். நாவலில் மனிதனாக நடந்துகொள்ளும் மிகச் சிலரில் ஒருவர்.

அந்த இடத்தில் பாலா என்ன வைத்தார்? பரிசுத்தம் என்ற பெயரில் ஒரு டாக்டர். கொள்ளைநோயில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் சாகும்போது ஆட்டம்பாட்டத்தோடு மதம் மாற்றும் கோமாளி. அதற்கு ஒரு குத்துப்பாட்டு வேறு. நடன மாஸ்டர் சிவசங்கரை அந்த வேடத்தில் போட்டபோதே நோக்கம் தெரிந்துவிடுகிறது. தோட்டங்களில் மதமாற்றம் நடந்ததா, நடந்தது. அதைப் பற்றிக் கோபமாக ஒரு படம் எடுக்கலாமா, தாராளமாக எடுக்கலாம். ஆனால் தொழிலாளிக்காக வாழ்நாளைச் செலவழித்த ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் நாவலை எடுத்து, அதிலிருக்கும் கிறிஸ்தவ மருத்துவரைக் கேலிச்சித்திரம் ஆக்குவது என்ன நியாயம்? இதைத் திரைக்கதைச் சுதந்திரம் என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை.

மூன்றாம்மணி:
இதை விட்டுவிட்டேனே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், எரியாதகாடு முடித்துவிட்டார். அந்தப் பாட்டு வந்ததும் படம் வேறு படமாகிவிடுகிறது. அதுவரை கட்டிவைத்த துக்கம் முழுக்க வீண். பாலாவின் எல்லாப் படத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கும், தன் கையில் இருப்பதைத் தானே போட்டு உடைத்துவிடுவார்.

பனைநிழல்:
நடிகர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. ராசாவாக வரும் அதர்வா முதல் பாதியில் கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்ளலாம், வெகுளி என்றால் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. அங்கம்மாவாக வரும் வேதிகா விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெள்ளையான நடிகைக்குக் கறுப்பு பூசி கிராமத்துப் பெண்ணாக்குவதற்குப் பதில் கறுப்பான பெண்ணையே போட்டிருக்கலாம். தன்ஷிகாவின் மரகதம்தான் படத்தின் உயிர். புருஷன் ஓடிப்போய், குழந்தையோடு தனியாகத் தோட்டத்தில் கிடக்கும் பெண். ராசாவை முதலில் அவள் வெறுப்பதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு நெருங்குவதற்கும் காரணம் இருக்கிறது, இரண்டையும் வசனம் இல்லாமலே செய்துவிட்டார். பாட்டியாக வந்த கச்சம்மாளுக்கு ஏன் பெரிய விருது கிடைக்கவில்லை என்று இன்னும் புரியவில்லை. பூர்ணிமா ராமசாமியின் உடையலங்காரத்துக்குத் தேசிய விருது கிடைத்தது, அது சரியான தேர்வு. படத்தில் ஒரு துணிகூட கடையிலிருந்து வந்தது போலத் தெரியாது.

செழியன் ஒளிப்பதிவு பற்றித் தனியாகவே பேசவேண்டும். அந்தப் பழுப்பு.

சுருள்படம்:
பழுப்பு சரி. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் தேயிலையை அழகாகக் காட்டாமல் விட்டதுதான். சினிமாவில் தேயிலைத் தோட்டம் என்றால் டூயட். பச்சை, பனி, துப்பட்டா. இதில் அந்தப் பச்சையைப் பார்த்தாலே பயம் வருகிறது.

டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். எரியாதகாடு சொன்னதில் கோபம் நியாயம். அந்தப் பாட்டை நானும் ரசிக்கவில்லை. ஆனால் ஒரு காட்சியை வைத்து முழுப் படத்தையும் தூக்கி எறிவதை ஏற்கமாட்டேன். நாவலில் நாயகன் கருப்பனோடு அவன் மனைவி வள்ளியும் சேர்ந்தேதான் தோட்டத்துக்குப் போகிறாள். பாலா அதை மாற்றினார். அங்கம்மாவை ஊரிலேயே விட்டார். ஏன் என்று கடைசிக் காட்சியில்தான் தெரிகிறது. வருஷக்கணக்காக ராசா அவளுக்காக ஏங்குகிறான், அவளோ அவன் பிள்ளையைப் பெற்று வளர்க்கிறாள். கடைசியில் புதிதாகப் பிடித்து வந்த கூட்டத்தில் அவளும் பிள்ளையும் வந்து நிற்கிறார்கள். அவளுக்குப் புருஷனைப் பார்த்த சந்தோஷம். அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். ஒரு காதல் படத்தில் சேருவதுதான் சுபம். இங்கே சேருவதுதான் நாசம். நாவலை மீறி எடுத்த இந்த முடிவை எப்படிக் குறை சொல்வீர்கள்?

எரியாதகாடு:
அதைக் குறை சொல்லவில்லை. அது நல்ல மாற்றம், நாவலைவிடக் கூர்மையானது என்றுகூடச் சொல்வேன். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது. மூலத்தை மாற்றும்போது இவ்வளவு யோசிக்கத் தெரிந்த ஆள், டாக்டரை மாற்றும்போது ஏன் யோசிக்கவில்லை? தெரியாமல் செய்ததாக எடுத்துக்கொள்ள முடியாதபடி அந்த முடிவுக் காட்சியே சாட்சி சொல்கிறது.

கோப்பிக்கண்டி:
இன்னொன்று, இதைத் தொடாமல் விட்டால் பேச்சு முழுமையாகாது. சாலூர் மக்கள் என்ன சாதி? படம் வாயே திறக்காது. ராசா தண்டோரா அடிக்கிறான், பந்தியில் சோறு இல்லை, அவ்வளவுதான் குறிப்பு. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். நிலம் இல்லாதது, ஊரில் மரியாதை இல்லாதது, இதெல்லாம் சேர்ந்துதான் மலைக்குத் தள்ளியது. புதுமைப்பித்தன் 1930களிலேயே ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் மருதியை எழுதும்போது சாதியை மறைக்கவில்லை. ஏறக்குறைய எண்பது வருஷம் கழித்து வந்த படத்துக்கு என்ன தயக்கம்?

சுருள்படம்:
தண்டோராவும் பந்தியும் போதாதா? பெயர் போட்டுச் சொன்னால்தான் புரியுமா?

கோப்பிக்கண்டி:
உங்களுக்குப் புரிந்தது தம்பி. பந்தியில் சோறு விழாதபோது தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள் என்று நீங்கள்தானே மேலே எழுதினீர்கள்.

பனைநிழல்:
அடி சரியாக விழுந்தது.

பழையசட்டம்:
படம் வருவதற்கு முன் ஒரு டீசர் விட்டார்களே, பாலா நடிகர்களை அடிப்பது போல இருக்கும், அது நிஜத் தடி இல்லை என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். கங்காணியைப் பற்றி ஒரு படம் எடுத்துவிட்டு அதை விளம்பரப்படுத்த அந்த டீசர்தான் கிடைத்ததா என்று அப்போதே தோன்றியது. படத்தோடு சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்.

மூன்றாம்மணி:
எனக்கு அது சம்பந்தம்தான். துன்பத்தைப் பார்த்து வருந்துவதைவிட, அதை எவ்வளவு தூரம் காட்ட முடியும் என்பதில்தான் பாலாவுக்கு ஆர்வம் அதிகம். ஜி.வி. பிரகாஷின் பின்னணி இசையும் அதற்கு ஒத்து ஊதுகிறது, நீ இப்போது அழவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் காதைத் திருகுகிறது. ‘செங்காடே’ பாட்டை மட்டும் விட்டுவிடுங்கள், அது நன்றாக இருக்கும்.

சுருள்படம்:
ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பசி, பயணம், கடன், ஓட்டம், நோய், மறுபடி பசி என்று ஒரு சுற்று முழுக்க வந்துவிடுகிறது. புதிய கூட்டம் மலையேறி வருவதோடு படம் முடிகிறது, அங்கிருந்து மறுபடியும் அதே கணக்கு நோட்டு திறக்கும். ரசித்துக் காட்டுகிறவனுக்கு அந்தச் சுற்று எதற்கு? நாஞ்சில் நாடன் வசனத்தில் ஒரு இடத்திலாவது பிரசங்கம் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள். காட்டினால் தோற்றதாக எழுதித் தருகிறேன்.

மூன்றாம்மணி:
வசனத்தில் இல்லை. பரிசுத்தம் பாட்டில் இருக்கிறது. படத்தில் இருக்கும் ஒரே பிரசங்கம் அதுதான், அதுவும் தப்பான ஆளைப் பார்த்து. அதை வெட்டிவிட்டு ஒரு பிரதி கிடைத்தால் அனுப்புங்கள், உங்கள் பக்கம் உட்கார்ந்து இன்னொரு முறை பார்க்கிறேன்.

எரியாதகாடு:
எனக்கும் ஒன்று.