ரொறன்ரோவில் இருந்து வரும் கட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரிவருமா?

பாலையூற்று அம்மா:
வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது, மூளை முடக்குவாதம். 13 கிலோ, உயரம் 102 செ.மீ. கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை. மூக்குக் குழாயால்தான் பால் கொடுக்கிறோம். சாதாரணக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைப்பேன். பாதிப் பால் போவதற்குள் சரிந்து கீழே வந்துவிடுவாள், அப்புறம் ஒரே இருமல். இரவில் சில நேரம் வலிப்பும் வரும்.

ரொறன்ரோவில் இருக்கும் மாமா, வயதானவர் ஒருவர் பாவித்த மோட்டர் கட்டிலைக் கொன்டெய்னரில் போட்டு அனுப்புவதாகச் சொல்கிறார். ரிமோட், பக்கக் கம்பி எல்லாம் உண்டாம். கொழும்பில் கையால் சுற்றும் புதுக் கட்டிலே வாங்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எது நல்லது? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா வாப்பா:
சகோதரி, என் மகனுக்குக் கையால் சுற்றும் கட்டில்தான். 2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நேரத்திலும் கட்டிலால் ஒரு பிரச்சினையும் வரவில்லை. சளி உறிஞ்சும் மெசினுக்குத்தான் பற்றரி தேடி அலைந்தோம்.

கனடாக் கட்டில் என்றால், மோட்டர் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. லேபலில் 100–240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 மட்டும் என்றால் டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகவே கூடாது. கரண்ட் இல்லாதபோது தலைமாட்டை இறக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எந்தக் கட்டிலாக இருந்தாலும் நம் ஊர் உப்புக் காற்றுக்குத் திருகாணி துருப்பிடித்து இறுகும்; கிரீஸ் பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

உவர்மலை மிஸ்ஸி:
தங்கச்சி, நான் சிறுவர் வார்ட்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மோட்டரா கைப்பிடியா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் மாமாவிடம் ஒரு அளவு நாடாவை எடுக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்புத் தரத்தின்படி, பெரியவர்களின் கட்டிலில் பக்கக் கம்பிகளுக்கு இடையே 12 செ.மீ. வரை இடைவெளி இருக்கலாம். அந்தத் தரம் எழுதப்பட்டதே 146 செ.மீ. உயரமும் 40 கிலோ எடையும் உள்ளவர்களுக்காக. உங்கள் மகள் மாதிரி மெலிந்த பிள்ளையின் காலும் இடுப்பும் அந்த இடைவெளிக்குள்ளால் போய்விடும், தலை போகாது. உடம்பு வெளியே, தலை உள்ளே என்று தொங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வலிப்பு வருகிற பிள்ளை, கூப்பிடவும் மாட்டாள். சிறுபிள்ளைக்கு 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். இடைவெளியை அடைக்கத் தலையணை செருகுவது, சேலை கட்டுவது வேண்டவே வேண்டாம். முகம் புதைந்தால் அவளால் திருப்ப முடியாது.

அடுத்தது உயரம். தலை, முழங்கால் இரண்டை மட்டும் உயர்த்தும் கட்டில்கள்தான் மலிவு. முழுக் கட்டிலையும் ஏற்றி இறக்கும் மூன்றாவது கைப்பிடி இருந்தால், பம்பஸ் மாற்றவும் உடம்பு துடைக்கவும் உங்கள் இடுப்பளவுக்கு ஏற்றலாம், அவள் தூங்கும்போது தாழ இறக்கி விடலாம். இப்போது 13 கிலோ. 30 கிலோ ஆகும்போதும் தூக்கப்போவது நீங்கள்தான். காசை அதற்குப் போடுங்கள், ரிமோட்டுக்கு அல்ல.

சரிந்து வருவது பற்றி: தலையணை அடுக்கினால் கழுத்தும் வயிறும் மடங்கும், முதுகு சாயாது. கட்டில் வந்தாலும் பிள்ளையைத் தலைமாட்டுப் பலகையோடு ஒட்டிக் கிடத்தாதீர்கள். பெரியவர்களின் அளவுக்குச் செய்த கட்டிலில், முதுகுப் பகுதி மடியும் இடம் அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொடைப் பக்கம் வரும். உயர்த்தியதும் பிள்ளை உருண்டையாகச் சுருண்டு சறுக்குவாள். அவள் இடுப்பு அந்த மடிப்பில் இருக்குமாறு கீழே இறக்கிக் கிடத்துங்கள். தலைக்கு மேலே வெறும் மெத்தை கிடந்தால் பரவாயில்லை. கட்டிலின் முழங்கால் மடிப்பும் அவளுக்கு எட்டாது, அதனால் ஒரு துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்துவிட்டு, அதன் பிறகு தலைமாட்டை உயர்த்துங்கள். பால் போகும்போதும், முடிந்து அரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும், 30 முதல் 45 பாகைச் சாய்வு. முதுகுப் பலகை 28 அங்குல நீளம் என்றால் மேல் நுனி 14 அங்குலம் உயர்ந்தால் 30 பாகை. சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டால் அம்மம்மாவும் சரியாக வைப்பா. ஆனால் இருமல் இருக்கிறது என்பதை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். குழாய் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

பாலையூற்று அம்மா:
மிகவும் நன்றி அக்கா. நாளைக்கே டொக்டரிடம் போகிறோம். மாமா அளந்து அனுப்பினார்: கம்பி இடைவெளி 11 செ.மீ., லேபலில் 120 வோல்ட் மட்டும். உயரம் ஏற்றலாமாம். கம்பியை மட்டும் இங்கே வெல்டிங் கடையில் மாற்றலாமா?

உவர்மலை மிஸ்ஸி:
வேண்டாம் தங்கச்சி. பக்கக் கம்பி பூட்டும் இடம் அந்தக் கட்டிலுக்கென்றே செய்தது. வேறொன்றைப் பொருத்தினால் பாரம் விழும்போது கழன்றுவிடலாம். அனுப்பும் செலவை மாமா காசாகவே தரட்டும். கொழும்பில் கேட்கும்போது "சிறுவர் பக்கக் கம்பி, மூன்று கைப்பிடி" என்று கேளுங்கள். காசு கொடுக்குமுன் இடைவெளியை நீங்களே அளந்து பாருங்கள். பிசியோ மிஸ்ஸிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கிண்ணியா வாப்பா:
உங்கள் அறைக் கதவு எத்தனை அங்குலம் சகோதரி? எங்களுடையது தலைமாட்டு, கால்மாட்டுப் பலகைகளைக் கழற்றிச் சட்டத்தைப் பக்கவாட்டில் சரித்துத்தான் உள்ளே போனது. கழற்ற முடியுமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கொண்டுவரும் அன்று சொல்லுங்கள், தூக்க நானும் தம்பியும் வருகிறோம்.