சார்லட் பண்ணினது சரிதான்னு எங்க ஆயா சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பலை

கானாடுகாத்தான்_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடில எம்.ஏ இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல ஜேன் ஆஸ்டினோட பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் இருக்கு. லீவுக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து தினமும் சாயங்காலம் ஆயாவுக்கு, அதாவது எங்க பாட்டிக்கு, ஒண்ணு ரெண்டு அத்தியாயம் தமிழ்ல சொல்லிட்டு வர்றேன். ஆயாவுக்கு 81 வயசு, கண்ணு மங்கிடுச்சு ஆனா காது நல்லா கேக்கும், வளவுல (வீட்டு உள் முற்றத்துல) தூணோரமா சாஞ்சு உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டே கேப்பாங்க, இடிக்கிற சத்தம் நின்னா அடுத்து ஒரு கேள்வி வருதுன்னு அர்த்தம்.

கதைல பென்னட்ங்கிறவருக்கு அஞ்சு பொண்ணுங்க, பையன் இல்லை, அதனால அவருக்கு அப்புறம் வீடு உறவுக்காரன் காலின்ஸுக்குப் போகும். அந்த காலின்ஸ் அவரோட பொண்ணு எலிசபெத்தைக் கேட்டு வர்ற இடத்துலதான் முதல்ல சத்தம் நின்னுச்சு. ஆண் வழியா சொத்து அவனுக்குப் போகுதுன்னா அவன் பங்காளிதானே, பங்காளி எப்படி இந்த வீட்டுலயே பொண்ணு கேப்பான், ஒரே கோயிலா இருக்குமே, ஒரே கோயில்காரங்க கட்டிக்க மாட்டாங்களேன்னு கேட்டாங்க. அப்புறம் எலிசபெத்தைப் பின்னாடி விரும்பற பணக்காரன் டார்சிக்கும் லேடி கேத்தரின் பொண்ணுக்கும் கல்யாணம்னு பேச்சு இருக்குன்னு சொன்னப்ப, ரெண்டு பேரோட அம்மாவும் அக்கா தங்கச்சின்னா பிள்ளைங்க அண்ணன் தங்கச்சி முறையாச்சேன்னு முகத்தைச் சுளிச்சாங்க. அது அவங்க ஊர் வழக்கம் ஆயான்னு சொல்லி அடுத்ததுக்குப் போயிட்டேன்.

நேத்து சார்லட் கல்யாணம் வந்துச்சு. எலிசபெத் முடியாதுன்னு சொன்ன அதே காலின்ஸ் மூணு நாளைக்குள்ள அவளோட உயிர்த்தோழி சார்லட்கிட்ட போய்க் கேக்கறான், இவளும் சரின்னுட்டா. 27 வயசு, அழகி கிடையாது, பெருசா கைல காசும் கிடையாது, அவன் மேல மரியாதையும் கிடையாது. எனக்கு அந்தப் பக்கத்தைப் படிச்சப்பவே நெஞ்சு அடைச்சுது. ஆயா என்னடான்னா "கெட்டிக்காரப் பொண்ணு, நிக்க ஒரு வீடு பார்த்துக்கிட்டா"ன்னு சொல்லிட்டு வெத்தலையைத் தொடர்ந்து இடிக்கிறாங்க. எனக்கு நிஜமாவே கோபம் வந்துடுச்சு, ராத்திரி சரியா தூக்கமே இல்லை.

நீங்க என்ன நினைக்கிறீங்க, அவ பண்ணினது சரியா? அப்புறம் ஆயாவோட இன்னொரு கேள்விக்கு எனக்கு பதிலே தெரியலை. அஞ்சு பொண்ணு, ஆம்பளப் பிள்ளை இல்லை, வீடு கைவிட்டுப் போகுதுன்னா அந்த பென்னட் ஏன் ஒரு பிள்ளையைச் சுவீகாரமாக் கூட்டிக்கலை?

பள்ளத்தூர்_வக்கீல்:

தங்கச்சி, ஆயா கேட்டது ரொம்ப சரியான கேள்வி. நம்ம பக்கம் நகரத்தார் வீடுகள்ல பிள்ளை இல்லைன்னா பங்காளி வீட்டுல பார்த்து ஒரு பையனைக் கூட்டிக்கிட்டா புள்ளியும் (கோயில் கணக்குல குடும்பம்) நிக்கும், சொத்தும் நிக்கும், அந்தப் பழக்கத்துல வந்தவங்களுக்கு இந்தக் கதை புரியாமதான் இருக்கும். இங்கிலாந்துல சுவீகாரத்துக்குன்னு சட்டம் வந்ததே 1926ல. இந்த நாவல் வந்தது 1813. தவிர, லாங்போர்ன் வீடு பென்னட்டோடதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா அவருக்கு அதுல ஆயுள் பாத்தியதை மட்டும்தான், இருக்கிற வரைக்கும் வருமானத்தை அனுபவிக்கலாம், விக்கவும் முடியாது, பொண்ணுங்க பேருக்கு உயில் எழுதவும் முடியாது. ஒரு பையன் பிறந்து மேஜர் ஆகியிருந்தா அப்பாவும் பிள்ளையுமா சேர்ந்து அந்தச் சொத்துக் கட்டுப்பாட்டை உடைச்சிருக்கலாம். அதை நம்பித்தான் அந்த மனுஷன் வருஷம் 2000 பவுண்ட் வருமானத்துல ஒரு காசு மிச்சம் பிடிக்காம இருந்தார், பையன் வந்துடுவான் வந்துடுவான்னு அஞ்சு பொண்ணு வந்தாச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த நாட்டுல எல்லா வீட்டுக்கும் இப்படிக் கிடையாது. லேடி கேத்தரினே எலிசபெத்கிட்ட சொல்லுவாங்க, எங்க வீட்டுல பொண்ணுங்களை விலக்கணும்னு யாருக்கும் தோணலைன்னு. அவங்க பொண்ணு ஆன்தான் அவங்க எஸ்டேட்டான ரோஸிங்ஸுக்கு வாரிசு. ஆக இது அந்தக் குடும்பத்துல முன்னாடி யாரோ எழுதி வெச்ச பத்திரத்தோட வேலை.

காலின்ஸ் கல்யாணம் கேக்கறப்ப எலிசபெத் முகத்துக்கு நேரா ஒரு கணக்கு சொல்லுவான் பாரு, உனக்கு வரப்போறது 1000 பவுண்ட், நாலு பர்சென்ட்ல போட்டது, அதுவும் உங்கம்மா காலத்துக்கு அப்புறம்னு. வருஷத்துக்கு 40 பவுண்ட் வட்டி. டார்சியோட வருமானம் வருஷம் 10,000. நம்ம ஊர் ஆயாவுக்கு இந்த வட்டிக் கணக்கை மட்டும் சொல்லு, மீதியை அவங்களே புரிஞ்சுக்குவாங்க. எனக்கு இந்த நாவல்ல கோபம் வர்றது பென்னட் மேலதான்.

எங்க வீட்டுலயே இருக்கு. தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல பங்குன்னு திருத்தம் வந்தது 1989ல, அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு அதுல இடம் இல்லை. எங்க அக்காவுக்கு 1988ல கல்யாணம். 2005ல மத்திய சட்டம் மாறினப்ப எங்க வீட்டுல பாகம் பிரிச்சு பத்திரம் பதிஞ்சே பல வருஷம் ஆயிடுச்சு, அதுலயும் அவங்களுக்குப் பங்கு இல்லை. அக்கா ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா எனக்கு மனசு கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

கானாடுகாத்தான்_வாசகி:

ரொம்ப நன்றிண்ணே. வட்டிக் கணக்கு சொன்னேன், ஆயா விரல் விட்டு எண்ணிட்டு "நாப்பது பவுன்ல எவ பிழைப்பா"ன்னாங்க. இருந்தாலும் சார்லட் விஷயம் எனக்கு ஆறலை.

ரெண்டாங்கட்டு_ஆச்சி:

நான் இங்க எழுதறதில்லை, படிக்கிறதோட சரி. இதுக்கு எழுதணும்னு தோணுச்சு.

எனக்கு 1983ல கல்யாணம், அப்ப 26 வயசு, அந்தக் காலத்துக்கு அது ரொம்பத் தள்ளிப் போன வயசு, எனக்குப் பின்னாடி மூணு தங்கச்சிங்க. வர்ற இடமெல்லாம் நிறம் குறைச்சல்னோ சீர் சாமான் பத்தாதுன்னோ தட்டிப் போயிட்டு இருந்துச்சு. கடைசியா வந்தவர் என்னைவிட ஒம்பது வயசு மூத்தவர், நல்ல மனுஷர், ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார், எதிர்ல இருக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்க மாட்டார். அப்பச்சி (எங்க அப்பா) என்கிட்ட வந்து உனக்குச் சம்மதமா ஆத்தான்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. நான் சரின்னுட்டேன். அன்னைக்கு ராத்திரி என் பக்கத்துல படுத்திருந்த அடுத்த தங்கச்சி, பல நாளா புரண்டு புரண்டு படுத்தவ, படுத்த உடனே தூங்கிட்டா. அவ மூச்சு விடுற சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

இந்த நாவல்ல ஒரு இடம் இருக்கு, வாசகி நீ கவனிச்சியான்னு தெரியலை. சார்லட் கல்யாணம் நிச்சயம் ஆனதும் தங்கச்சிங்களுக்கு நாம ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே வெளில வரலாம், அதாவது கல்யாண வயசுப் பொண்ணா விருந்துக்கெல்லாம் போகலாம்னு சந்தோஷம், தம்பிங்களுக்கு இவ கல்யாணம் ஆகாமலே இருந்துடுவாளோங்கிற பயம் தீர்ந்துச்சுன்னு போற போக்குல வரும். ரெண்டே வரி. அதைப் படிச்சப்ப புஸ்தகத்தை மடில கவுத்து வெச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், 200 வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ இருந்த ஒரு பொம்பளைக்கு எங்க வீட்டுப் படுக்கை வரைக்கும் தெரிஞ்சிருக்கேன்னு.

அப்புறம் எலிசபெத் அவ வீட்டுக்குப் போய் தங்கறப்ப பாரு. பெரிய ரூம் இருக்க, சார்லட் பின்பக்கத்து ரூமை எடுத்துக்கிட்டு அங்கயே உக்காந்து இருப்பா. எலிசபெத்துக்கு முதல்ல ஏன்னு புரியாது. காலின்ஸோட ரூம் ரோட்டைப் பார்த்தது, எந்த வண்டி போகுதுன்னு பார்த்துக்கிட்டு அவன் பாட்டுக்கு அங்க இருப்பான், இவ ரூமும் அதே மாதிரி கலகலன்னு இருந்தா இங்கயே வந்து உக்காந்துடுவான்ல. அதனாலதான் பின்பக்கம். அவன் நாலு பேர் முன்னாடி ஏதாவது அபத்தமா சொன்னா எப்பவாவது லேசா முகம் சிவக்கும், மத்தபடி காதுல விழாத மாதிரி இருந்துக்குவா.

எங்க வீட்டுலயும் என் வீட்டுக்காரங்க முகப்புலதான் இருப்பாங்க, போறவர்ற எல்லார்கிட்டயும் பேச்சு. நான் ரெண்டாங்கட்டுல சந்துப் பக்கம் ஜன்னல் இருக்கிற ஒரு சின்ன அறையை, முன்னாடி பழைய சாமான் போட்டு வெச்சிருந்தது, ஒழிச்சு எடுத்துக்கிட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த ஜன்னல் வழியா வெயில் வந்து ஆத்தங்குடிக் கல் மேல பச்சையும் சிவப்புமா விழும், காலை நீட்டிக்கிட்டு நாலு மணி வரைக்கும் படிப்பேன். நான் படிச்ச அத்தனையும் அந்த அறைல படிச்சதுதான். என் பேரைப் பார்த்தாலே தெரியுமே.

சார்லட் சரியான காரியம்தான் பண்ணா. ஆனா அவளுக்கு வலிக்கலைன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. என் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா பார்த்தோம், அவளுக்குப் பிடிக்காத எந்த இடத்துக்கும் நான் தலையாட்டலை.

தேவகோட்டை_தம்பி:

ஆச்சி, படிச்சுட்டு ரொம்ப நேரம் என்ன எழுதறதுன்னே தெரியலை. இருந்தாலும் எனக்குத் தோணுறதைச் சொல்லிடறேன், நான் எலிசபெத் பக்கம். 40 பவுண்ட் வட்டிதான் கதின்னு தெரிஞ்சே காலின்ஸை வேண்டாம்னா, அடுத்து வருஷம் 10,000 வர்ற டார்சியையும் வேண்டாம்னா, ஏன்னா அவன் உன்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்ற அதே வாயால உன் குடும்பம் எனக்குக் கேவலம்னும் சொன்னான். அந்த ரெண்டு மறுப்பும் இல்லைன்னா இந்த நாவலே இல்லை.

இதை எழுதினவங்க வாழ்க்கையும் அப்படித்தான். 1802 டிசம்பர்ல ஜேன் ஆஸ்டினை பெரிய எஸ்டேட்டுக்கு வாரிசான ஒருத்தர் கேட்டார், சாயங்காலம் சரின்னாங்க, விடிஞ்சதும் முடியாதுன்னுட்டாங்க. அப்ப அவங்களுக்கு 27 ஆகப் போகுது, சார்லட்டுக்கும் அவங்க போட்ட வயசு 27. கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கலை, 41 வயசுல போயிட்டாங்க. இந்த நாவலோட உரிமையை 110 பவுண்டுக்கு வித்தாங்க, 150 கேட்டிருந்தாங்க, புஸ்தகத்துல அவங்க பேர் கூட இல்லை.

முதல்ல இதுக்கு அவங்க வெச்ச தலைப்பு ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ். நான் சின்ன வயசுல இருந்து காரைக்குடி கம்பன் விழாவுக்குப் போறவன், மிதிலைல ராமனும் சீதையும் ஒரு பார்வை பார்த்தா முடிஞ்சுது, அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு முதல் பார்வையே ரெண்டு பேருக்கும் தப்பாப் போற ஒரு காதல் கதைங்கறது பெரிய அதிர்ச்சி. டார்சி எழுதின லெட்டரை அவ மறுபடி மறுபடி படிச்சு, இவ்வளவு நாள் என்னையே எனக்குத் தெரியலையேன்னு நினைக்கிற அத்தியாயம்தான் எனக்கு உயிர்.

இதை எழுதறப்பதான் ஒண்ணு உறைக்குது ஆச்சி. டார்சி முதல்ல கல்யாணம் கேக்கறதே சார்லட் வீட்டுலதான். தலைவலின்னு எலிசபெத் மட்டும் வீட்டுல இருக்கா, மத்தவங்க ரோஸிங்ஸுக்கு டீ குடிக்கப் போயிருக்காங்க, அப்பத்தான் அவன் வர்றான். சார்லட் காலின்ஸைக் கட்டிக்கலைன்னா எலிசபெத் அந்த ஊருக்கே போயிருக்க மாட்டா. நாலஞ்சு தடவை படிச்சும் இதை நான் யோசிச்சதே இல்லை.

கானாடுகாத்தான்_வாசகி:

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, நீங்க எழுதினதை ஆயாவுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன், தப்பா நினைச்சுக்காதீங்க. அப்புறம் சார்லட் வீட்டு அத்தியாயங்களைச் சொன்னேன். பின்பக்கத்து ரூம் வந்ததும் இடிக்கிற சத்தம் நின்னுடுச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கலை. அப்புறம், "உள்ள இருக்கறப்ப கதவைச் சாத்திக்குவாளா, திறந்து வெச்சிருப்பாளா?"ன்னாங்க. அது புஸ்தகத்துல இல்லை ஆயான்னேன். "திறந்துதான் வெச்சிருப்பா. சாத்தினா வந்து தட்டுவாங்க"ன்னாங்க.

எங்க ஐயா, ஆயாவோட வீட்டுக்காரர், தவறி 19 வருஷம் ஆச்சு. ஆயா அவங்களைப் பத்தி பேசினதே நான் கேட்டதில்லை. இப்பவும் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை, நானும் கேக்கலை. நாளைக்கு டார்சி லெட்டர். நீளமானது, ரெண்டு நாளா பிரிச்சுச் சொல்றேன்னேன், ஒரே நாள்ல வேணும்னு சொல்லிட்டாங்க.