நூற்றாண்டு மலரில் வாங்குக் கதையும் வரட்டும்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மலருக்கு வந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வரலாற்றுக் கட்டுரையை நேற்றிரவு இரண்டு தரம் வாசித்தேன். காணி கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கிணறு கட்டியவர் பெயர் இருக்கிறது. தலைமையாசிரியர் வரிசை முழுக்க இருக்கிறது. எந்தச் சாதிப் பிள்ளைகள் வாங்கில் (பெஞ்சில்) இருந்து படித்தார்கள், எந்தச் சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள் என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. எழுதிய மாஸ்டரைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்த பழைய மலர்களிலும் அது இருந்திருக்காது. ஆனால் இந்த முறையும் விட்டுவிட்டால் பிறகு சொல்ல ஆளில்லை.

எங்கள் அம்மம்மா 1930களின் தொடக்கத்தில் அங்கே படித்தவ. நிலத்தில் இருந்த ஒரு பிள்ளையை ஒருநாள் வாத்தியார் அம்மம்மாவின் வாங்கில் கொண்டுவந்து இருத்தினாராம். அந்தப் பிள்ளை வாங்கின் ஓரத்தில், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடியே இருக்குமாம். எழும்பும்போது தான் இருந்த இடத்தைச் சட்டை விளிம்பால் துடைத்துவிட்டுத்தான் போகுமாம். துடைக்கச் சொல்லி ஒருவரும் சொன்னதில்லை. தொண்ணூறு வயதிலும் இதைச் சொல்லும்போது அம்மம்மாவுக்குக் குரல் அடைக்கும்.

அந்த வாத்தியார் தனி ஆளாக அதைச் செய்யவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு இயக்கம் இருந்தது. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆனது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடி. இளம் ஆசிரியர்களும் மாணவர்களும்தான் ஆட்கள். சைவரும் கிறிஸ்தவரும் ஒரே மேடையில் நின்றார்கள், தெற்கிலிருந்து சிங்களத் தலைவர்களை மாநாட்டுக்கு அழைத்தார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டதும் இவர்களே. வெள்ளைக்காரனிடம் சுயராச்சியம் கேட்பவன் தன் வீட்டுத் திண்ணையில் இன்னொருவனை ஏற்ற மறுக்கலாமா என்ற கேள்வி அவர்களை விடவில்லை. அதனால்தான் அரசியலோடு சேர்த்து சம ஆசனம், சம போசனம், அதாவது சாதி பாராமல் ஒன்றாக இருப்பது, ஒன்றாகச் சாப்பிடுவது என்று பேசினார்கள்.

1920களின் கடைசியில், அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று கல்விப் பகுதி கட்டளை போட்டது. ஊர்ப் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. கட்டளையை மீளப் பெறச் சொல்லி மனுக் கொடுத்தார்கள், பிள்ளைகளை மறித்தார்கள், 1930இல் சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பும் வைத்தார்கள். பிள்ளைகள் படிக்கிற கொட்டிலுக்கு நெருப்பு! வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் உறுதியாக நின்றது. நின்ற பலரும் அதே பெரியவர்களின் பிள்ளைகள், மருமக்கள். வீட்டுக்குள்ளேயே சண்டை பிடித்துத்தான் அவர்கள் நின்றிருக்க வேண்டும்.

1931 பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். வெள்ளைக்காரன் இலங்கைக்குக் கொடுத்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று, அதன்படி வந்த சட்டமன்றமான அரசாங்க சபைக்கான தேர்தலை வாலிபர் காங்கிரஸ்காரர் பகிஷ்கரித்தார்கள். யாழ்ப்பாணத்தின் 4 தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. 1934 இடைத்தேர்தல் வரை அந்தக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. கொள்கைக்காக அப்படி நின்றதை நான் மதிக்கிறேன். ஆனால் 21 வயதான எல்லா ஆண்களுக்கும் பெண்களுக்கும் முதல்முறை வாக்கு வந்தது அந்தத் தேர்தலில்தான். அதுவரை சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் வாக்கு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற அக்காலத் தமிழ்த் தலைவர்கள் சர்வசன வாக்குரிமையையே எதிர்த்தவர்கள். அந்த வாங்குப் பிள்ளையின் தாய் தகப்பனுக்குக் கிடைத்த முதல் வாக்கைப் போட முடியாமல் போனது, அவர்களுக்காகப் பேசிய இயக்கத்தின் முடிவால்தான். என் மனதில் இது பிழை என்றே படுகிறது. பிறகு காங்கிரசும் மெல்ல ஓய்ந்துவிட்டது.

வாங்கு கிடைத்ததோடு எல்லாம் கிடைத்துவிடவும் இல்லை. தேநீர்க்கடையிலும் கோயிலிலும் சாதி பார்த்து மறிப்பதைத் தடுக்க 1957இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சனம் நின்று போராட வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் எப்போது எல்லாருக்கும் திறந்தது என்பதும் மலரில் வர வேண்டும்.

ஸ்காபரோவிலும் ஹரோவிலும் பாரிசிலும் எண்பது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களோடு கதைத்து ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். எழுத்தில் கொண்டுவருவது என் பொறுப்பு. தாய் தகப்பன் சொல்லிக் கேட்டது என்றாலும் சரி, பள்ளிக்கூடத்தில் யார் எங்கே இருந்தார்கள், தண்ணீர் யார் எதில் குடித்தார்கள், அதுபோதும்.

இன்னொன்று. அம்மம்மாவின் பக்கத்தில் இருந்த அந்தப் பிள்ளையின் குடும்பத்தார் ஒருவரும் இந்தக் குழுவில் இல்லை. முந்நூறு பேருக்கு மடல் போகிறது, அந்தப் பக்கத்து வீடுகளில் ஒன்றுக்கும் போவதில்லை. அவர்களும் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள்தானே. தொடர்பு தெரிந்தவர்கள் தனிமடலில் எனக்கு எழுதுங்கள். மலர் அச்சுக்குப் போகமுன் நானே அவர்களிடம் பேசி, அந்தப் பக்கத்தை அவர்களையே எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன்.

அன்புடன்,
வாசிகசாலையடியிலிருந்து ஒருவன்