3 கிலோவாட்டா, 6 கிலோவாட்டா? கருங்கல் பக்கத்து வீட்டுக்கு சோலார் அளவு சொல்லுங்கள்

கருங்கல்வாசி:
வீட்டில் நான்கு பேர். ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார், ஒரு ஏசி. கடைசி பில்லில் 720 யூனிட். விலை சொல்ல வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "நாளுக்கு 24 யூனிட் ஆகிறது, 6 கிலோவாட் போட்டால்தான் சரிவரும்" என்கிறார். அவ்வளவு போட்டால் கையைக் கடிக்கும். மட்டுப்பாவுக்கு (மொட்டை மாடிக்கு) கிழக்கே மூன்று தென்னை, வடக்கே ஓர் அயனி மரம். கரண்ட் போனாலும் ஃபேன் ஓட வேண்டும் என்கிறார் அம்மா. எத்தனை கிலோவாட் போடலாம்?

தக்கலை வயர்மேன்:
தம்பி, 720-ஐ 30-ஆல் வகுத்திருக்கிறார். நமக்கு பில் வருவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 60-ஆல் வகுத்தால் நாளுக்கு 12 யூனிட்தான். ஒரு கிலோவாட் பேனல், வருஷ சராசரியில் நாளுக்கு 4 யூனிட் போலத் தரும். ஆக, 3 கிலோவாட்.

அதையும் ஒரு பில்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏசி ஓடுகிற மார்ச், ஏப்ரல் பில் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு வருஷத்து ஆறு பில்லையும் கூட்டி 365-ஆல் வகுங்கள்.

வீட்டு சோலாருக்கு மத்திய அரசு தரும் பிஎம் சூர்ய கர் மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். 6 போட்டாலும் அதே 78,000தான், மிச்சமெல்லாம் உங்கள் கைக்காசு. பில்லை மொத்தமாகப் பூஜ்யமாக்கவும் பார்க்க வேண்டாம். மேல் ஸ்லாப் யூனிட்தான் விலை கூடியது, அது குறைந்தாலே பெரிய லாபம்.

நாகர்கோவில் மாடி:
அந்த அயனியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வடக்கே இருக்கும் மரம் நிழல் தராது என்பது நம்ம ஊருக்குப் பொருந்தாது. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஒரு பேனலில் நிழல் பட்டாலும் அதே வரிசையில் இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். எத்தனை மணிக்கு எதுவரை நிழல் வருகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே இருக்கும் இடம்தான் உங்கள் இடம். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

குளச்சல் கடற்கரை:
உப்புக்காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் நன்றாக கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்ததாகவும், போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கட்டும். 2017-இல் ஒகி புயல் அடித்த அடியை மறக்க முடியுமா? கால்களைக் கான்கிரீட்டில் இறுக்கச் சொல்லுங்கள். சாய்வு 10 டிகிரி போதும், மழையே தூசியைக் கழுவிவிடும்.

கருங்கல்வாசி:
ஆறு பில்லையும் கூட்டினேன், 3,540 யூனிட். காலை பத்தரை வரை கிழக்குப் பாதியில் தென்னை நிழல். மேற்கே 320 சதுர அடி சுத்தமாக இருக்கிறது, அயனி நிழலும் அங்கே எட்டவில்லை. கரண்ட் கட் விஷயம்?

தக்கலை வயர்மேன்:
நாளுக்கு 9.7 யூனிட். கணக்குப்படி இரண்டரை கிலோவாட்டே போதும். ஆனால் ஆனி, ஆடி மழையும் ஐப்பசி மழையும் நமக்கு இரண்டும் உண்டு, அந்த மாதங்களில் உற்பத்தி இறங்கும். மானியமும் 3-இல்தான் முழுதாகக் கிடைக்கிறது. அதனால் மேற்குப் பக்கம் 3 கிலோவாட்டே போடுங்கள். 540 வாட் பேனல் என்றால் ஆறு.

கரண்ட் கட் நேரத்தில் ஆன்கிரிட் இன்வெர்ட்டர், அதாவது மின்வாரிய லைனோடு இணைத்த சோலார் இன்வெர்ட்டர், தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தால் ஃபேனையும் லைட்டையும் அதிலேயே விடுங்கள். இல்லையென்றால் சின்னதாக ஒன்று வாங்குங்கள். லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டால் செலவு நன்றாக ஏறும், அம்மாவின் இரண்டு ஃபேனுக்கு அது தேவையில்லை.

பணம் கொடுக்கும் முன், உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை 3 கிலோவாட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பில்லில் பாருங்கள். கொட்டேஷனில் டிசிஆர் பேனல் (செல்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்தது) என்று எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் வராது. லைனுக்குப் போகிற யூனிட்டையும் வருகிற யூனிட்டையும் கணக்கிடும் நெட் மீட்டரின் செலவு அதில் சேர்ந்ததா என்றும் எழுதி வாங்குங்கள்.