பர்லியாறில் மூன்று மணி நேரம் நின்றால் அது சித்திரவதையா?

கோத்தகிரி_வாத்தியார்:
நேற்று இங்கே ஒருவர், "நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுத்தும் பர்லியாறு சோதனைச்சாவடியில் மூன்று மணி நேரம் நிறுத்திச் சித்திரவதை செய்துவிட்டார்கள்" என்று எழுத, கீழே ஒரே ஆமாம் சாமி. முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவனுக்கு வயிறு எரிகிறது. சித்திரவதை என்றால் உயிர் போகிறவரை அணு அணுவாக வதைப்பது. காரில் சாய்ந்து உட்கார்ந்து வர்க்கி தின்பதற்கு அந்தப் பெயர் இல்லை.

மலைரயில்_ரசிகன்:
அந்த ஒருவர் நான்தான். வர்க்கி எல்லாம் இல்லை, பின்சீட்டில் சர்க்கரை நோயுள்ள அம்மாதான் இருந்தார். இன்னொன்று: சித்திரவதை என்றால் உடம்பில் ஊசியால் சித்திரம் கீறி வதைப்பது. அந்த அர்த்தத்தில் இன்றைக்கு யார் சொல்கிறார்கள்? அப்படிப் பார்த்தால் யாருமே அந்தச் சொல்லைத் தொட முடியாது.

கோத்தகிரி_வாத்தியார்:
ஊசியா! எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இந்தச் சித்திரம் ஓவியம் இல்லை. 'பலவிதமான, விசித்திரமான' என்று பொருள். அர்த்தசாஸ்திரம் நாலாம் அதிகரணம், 11-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். மரண தண்டனை இரண்டு வகை: சுத்தம், சித்திரம். சண்டையில் அடித்த இடத்திலேயே ஆளைக் கொன்றவனுக்குச் சித்திரக் கொலை. அடிபட்டவன் ஏழு நாளுக்குள் செத்தால், அடித்தவனுக்குச் சுத்தக் கொலை, அதாவது வேதனை இல்லாமல். இதில் ஊசி எங்கே, தூரிகை எங்கே?

மலைரயில்_ரசிகன்:
அது சமஸ்கிருதம். தமிழில் சித்திரம் என்றால் படம். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது என்ன, 'பலவிதமா'?

கோர்ட்டு_வாசல்:
சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது. மனைவியைத் தற்கொலைக்குத் தள்ளுகிற மாதிரியோ, உயிருக்கும் உடம்புக்கும் மனசுக்கும் பெரிய கேடு வருகிற மாதிரியோ நடந்துகொள்வதும், சொத்து கேட்டுத் தொல்லை கொடுப்பதும் 'கொடுமை'. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது நடப்பது 'வன்கொடுமை', 1989 சட்டம். விலங்குக்கு 'வதை', 1960 சட்டம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

கோத்தகிரி_வாத்தியார்:
நன்றி வக்கீலய்யா. சித்திரம் ஓவியமா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

மசினகுடி_பையன்:
அது ஏன் விலங்குக்கு வெறும் வதை? 2021 ஜனவரியில் எங்கள் ஊரில் ஒரு யானை மேல் எரிகிற டயரை எறிந்தார்கள். காது எரிய எரிய அது ஓடிய வீடியோவை நாடே பார்த்தது. அதைச் சித்திரவதை என்று சொல்ல யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? வக்கீலய்யா சொன்ன 1960 சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 50 ரூபாய். பஜ்ஜி காசு.

கோத்தகிரி_வாத்தியார்:
தம்பி, 'வெறும்' வதை என்று ஒன்று கிடையாது. வதை என்றாலே கொலைதான். யானைக்குத் தாராளமாகச் சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. டிராஃபிக்குக்குச் சொல்லாதீர்கள் என்கிறேன். அப்புறம், அங்கேயும் யாரும் ஓவியம் வரையவில்லை.

கொழுந்துக்கூடை:
எங்கள் பாட்டி சிலோனிலிருந்து சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இங்கே வந்தவர். கொடுமை என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. "அரைப்பேர் போட்டுட்டான்" என்பார், அவ்வளவுதான். காலையிலிருந்து மழையில் நின்று பறித்தாலும், தேயிலைக் கொழுந்து எடை குறைந்தால் அரைநாள் சம்பளம். தராசில் கூடை ஏறியதும் ஈரக்கழிவு என்று இரண்டு கிலோ போய்விடுமாம். அந்த முள் எந்த இடத்தில் நின்றது என்று சாகிறவரை விரலால் காற்றில் காட்டுவார். இதற்கு என்ன சொல், வாத்தியாரய்யா?

கோத்தகிரி_வாத்தியார்:
அரைப்பேர் நல்ல சொல், அகராதியில் ஏற்ற வேண்டும். ஆனால் தலைப்பு சித்திரவதை. நம் ஆட்களுக்கு இந்தச் சரித்திரமும் தெரியாது, சொல்கிறேன். வரி பாக்கிக்காகக் குடியானவர்களை வதைத்தது பற்றி 1855-இல் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழுவே அறிக்கை கொடுத்தது. விரல்களைக் கட்டைக்கு இடையில் வைத்து நெரிப்பதற்குக் கிட்டி என்று பெயர். கயிறு போட்டுக் குனிந்தபடியே நிற்க வைப்பது அண்ணாந்தாள். சித்திரவதை என்றால் இது. பர்லியாறு இல்லை.

குன்னூர்_மிஸ்ட்:
கொடுமை கொடுமை என்று கோயிலுக்குப் போனால் அங்கே ரெண்டு கொடுமை திங்கு திங்கென்று ஆடியதாம். நான் ரோடு நிலவரம் பார்க்க வந்தேன்.

மலைரயில்_ரசிகன்:
அண்ணாந்தாள் என்றதும் ஞாபகம் வருகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அதே பெயரில் தண்டனை உண்டு. ஐயா, நான் உங்களிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். டிசம்பர் மாதம், காலை எட்டரை மணி, புல்லில் உறைபனி. அரைக்கால் சட்டையோடு சரளைக்கல்லில் முட்டி போட வைத்தீர்கள். பிரேயர் முடிந்து எழுந்தபோது ஒரு கல் முட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அது சுத்தமா, சித்திரமா?

கோத்தகிரி_வாத்தியார்:
அது கண்டிப்பு. செய்யுள் ஒப்பிக்காமல் வந்திருப்பாய். எந்த வருஷம் நீ?

மலைரயில்_ரசிகன்:
ஒப்பித்தேன். ஒரு வரி விட்டுப்போனது.

கொழுந்துக்கூடை:
கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கோத்தகிரி_வாத்தியார்:
எல்லோரும் சேர்ந்து திசை திருப்பாதீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. சித்திரவதையில் உள்ள சித்திரம் ஓவியம் இல்லை, இல்லை, இல்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி என் அலமாரியில் இருக்கிறது. நாளைக் காலையில் அந்தப் பக்கத்தையே படம் எடுத்துப் போடுகிறேன்.

மலைரயில்_ரசிகன்:
படம்தானே ஐயா? நானும் முதலிலிருந்து அதைத்தான் சொல்கிறேன்.