மூன்று பெஞ்சு தூரம்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாரிஸின் 13ஆம் வட்டாரத்தில், ஒகுஸ்த் பிளாங்கி புல்வார் என்ற அகன்ற சாலையில் சந்தை கலைந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பச்சைப் பெஞ்சில் உட்கார்ந்து, நூலகத்தில் எடுத்த ஷபூத்தேயின் சித்திரக்கதையைப் பிரித்தேன். 2012இல் வந்த புத்தகம். முந்நூறு பக்கங்களுக்கு மேல், வசனம் கிடையாது. கதாநாயகனே ஒரு பூங்கா பெஞ்சுதான்.

நகரத்தில் நடப்பது பற்றிய பிரெஞ்சு சித்திரக்கதை என்றால் அதுவரை எனக்குத் தார்திதான். இதே வட்டாரத்து மூடுபனியில் துப்பறிவாளன் நெஸ்டர் புர்மாவை 1982இல் அலையவிட்டவர் அவர். அந்த ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொல்பியாக் தெருவை எத்தனையோ முறை அளந்திருக்கிறேன். தார்தியிடம் நாம் நடப்பவனின் பின்னாலேயே போகிறோம். ஷபூத்தே நம்மைப் பெஞ்சோடு நிறுத்திவிடுகிறார். கைப்பெட்டிக்காரர் ஒருவர் சித்திரக் கட்டத்தின் ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் மறைகிறார். மறுபடியும் வருகிறார், அதே நடை. வயதான தம்பதி சிறு கேக்கைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள். வீடற்றவர் படுக்க வருகிறார், போலீஸ்காரர் விரட்டுகிறார்.

புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துவந்த ஒரு மூதாட்டி அருகில் உட்கார்ந்தார். பையின் வாயில் முள்ளங்கிக் கட்டு. அவருக்கு மூச்சு வாங்கியது. சற்று நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, போலீஸ்காரர் மேல் விரலை வைத்தார்.

"எங்கள் தெருமுனையில் இந்த வேலைக்கு ஆளே வேண்டாம். பெஞ்சின் நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்துவிட்டார்கள், யாரும் படுக்க முடியாதபடி."

சந்தையிலிருந்து அவர் வீட்டுக்கு மூன்று பெஞ்சு தூரம். இடுப்பு வலி வந்ததிலிருந்து அப்படித்தான் கணக்காம். நடு பெஞ்சைப் பெயர்த்த பிறகு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். தூரம் கூடுதல்தான், ஆனால் உட்கார இடம் இருக்கிறது.

எனக்கு மனம் கொதித்தது. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் தாவியு வடிவமைத்த பெஞ்சுகள் இவை. முதுகோடு முதுகாக இரு பக்கமும் உட்காரலாம். அன்று அகன்ற சாலைகளைப் போட்டவர்கள், நடப்பவருக்குக் கால் வலிக்கும் என்பதையும் நினைத்திருக்கிறார்கள்.

"கடைசியில் அந்தப் பெஞ்சை என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். நானே பாதிதான் படித்திருந்தேன். புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். சந்தைத் தரையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி முடிக்கும்வரை, அவர் பக்கம் புரட்ட, நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.